நார்டிக் லெதர்ஸ் பலகையும் உன் கையும்

பேகம்பூர், திண்டுக்கல்.

அன்பு மகள் ஃபாயிஸாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்தைத்தான் நேற்று மாப்பிள்ளை நாசர் போனில் சொல்லிவிட்டாரே, பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் உன் முக்காட்டைப் பிடித்து இழுத்ததும் நீ கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததும். எங்களிடம் ஏனம்மா மறைத்தாய்? போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இது நார்டிக் ரத்தத்துக்கான நாடு, உனக்கில்லை என்று கத்தினார்களாமே. நீ ஸ்வீடன் போன புதிதில், நார்டிக்னா வடக்குத்தான் அத்தா, பக்கத்துப் பக்கத்துல இருக்குற அஞ்சு நாட்டையும் சேத்துச் சொல்றது, கொடியில எல்லாத்துலயும் ஒரே மாதிரி சிலுவை இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பெருமையில்தான் நம் பெல்ட் கடைக்கு நார்டிக் லெதர்ஸ் என்று பலகை வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. இம்போர்ட் சரக்கா பாய் என்று பக்கத்துக் கடை அப்பாஸ் கிண்டல் செய்வார். சிறுமலையில் ஒரு காட்டேஜுக்குக்கூட அந்தப் பெயர்தான், குளிருக்குப் பொருத்தமாம். திசைக்கு வைத்த பெயரை ரத்தத்துக்கு வைத்து ஆளை அடிப்பார்கள் என்று யார் கண்டது? காலையில் பலகையைக் கழற்றிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார முடியவில்லை.

உன் அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. போன வாரம் வீடியோவில் நீ இடது கையால் சோறு அள்ளுவதைப் பார்த்து, பீச்சாங்கையால திங்கிறியே, அந்த ஊரு பழக்கம் அதுக்குள்ள ஒட்டிக்கிருச்சா என்று வைதாளே. நீயும் வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாய். பிஸ்மி சொல்லி வலது கையால் ஊட்டி வளர்த்தவள் அவள், வேறெதையும் யோசிக்கவில்லை. விஷயம் தெரிந்ததும், எம்புள்ளய ஒடஞ்ச கையோட வைதுட்டேனே என்று தட்டைத் தள்ளியவள்தான், இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

வந்துவிடு என்று சொல்ல நாக்கு வரை வருகிறது. உன் வேலை, உன் வாழ்க்கை, நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். அதுவரை தனியாக பஸ்ஸுக்கு நிற்காதே, போலீஸில் எழுதிக் கொடுத்ததை அப்படியே விட்டுவிடாதே. அல்லாஹ் உங்களைக் காப்பாற்றுவான்.

தபாலில் போட்டால் நாளாகும், இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து நாசர் போனுக்கே அனுப்புகிறேன், படித்த உடனே வீடியோவில் வா. தட்டோடு வா, இடது கையாலேயே சாப்பிடு. நீ சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிடுவாளாம்.

உன் அத்தா,
நூர் முகமது