கஞ்சி மாவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் கடைக்குட்டியும் நலம். அம்மாவும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுத வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீயும் மாமாவும் நன்றாக இருக்கிறீர்களா? வயிற்றுக்குள் இருக்கிற ஆள் இன்னும் உதைக்கிறதா? கடைக்குட்டி தன் பொம்மைக்கு வயிற்றில் துணி கட்டி, "இது அக்கா" என்கிறாள். பிறகு அந்தப் பொம்மையைக் காலால் உதைக்கிறாள். கேட்டால், உள்ளே இருக்கிற பாப்பாவுக்குப் பதில் கொடுக்கிறாளாம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போன் அம்மாவுடையது. நீ பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதுவுமில்லாமல் போனில் எனக்கு "ம்", "ம்ஹூம்" தவிர வேறு எதுவும் வராது. "ஏய் ஊமைக்கோட்டான், லைன்ல இருக்கியா, செத்துட்டியா?" என்று நீதான் கேலி செய்வாய். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுதுவதை விடாதே என்று நீ சொன்னது இதற்குத்தான் பயன்படும் என்று நினைக்கவில்லை.

போன வாரம் நீ அம்மாவிடம், "பிரசவத்துக்கு நீ வந்து கூட இருந்தே ஆகணும்மா. எங்க வீட்டுல எல்லாரும் உங்கம்மா வர்றாங்களா, வர்றாங்களான்னு கேக்கறாங்க. நீ வரலேன்னா நான் எங்க போய் மொகத்த வெச்சுக்குவேன்?" என்று சொன்னாய். "நான் வராம வேற யாருடீ வருவா?" என்று அம்மா சிரித்தாள். நீ போனை வைத்ததும் அம்மாவும் வைத்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துவிட்டதாம். அது பொய், அக்கா. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடமும் கடைக்குட்டியிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கடைக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். நானும்தான் ஆட்டினேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீ படித்துவிட்டு மாமாவிடம் காட்டாதே. மாதாமாதம் வருவது அம்மாவுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. கடைக்குட்டி பிறந்ததிலிருந்தே அப்படி. எப்போதும் கறுப்புத் துணியாகப் பார்த்து உடுத்துகிறாள், எங்கே உட்கார்ந்தாலும் எழுந்ததும் திரும்பிப் பார்க்கிறாள். மாடிப்படியில் பாதியில் நின்று, கீழே யாரையோ தேடுவதுபோல எட்டிப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மூச்சு வாங்குவதை அப்படித்தான் மறைக்கிறாள். அப்பா லாரியிலிருந்து வரும் நாளில் மட்டும் உதட்டைக் கடித்துக் கடித்துச் சிவப்பாக்கிக்கொள்கிறாள். அப்பாவும், "என்ன, எப்பப் பாத்தாலும் கொட்டாவி? ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுனது நானா நீயா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்.

நான் அம்மாவோடு சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அனுப்புகிற இடம். எனக்குப் பின்பக்கத்து மேசையில் மடிப்பு வேலை. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை, படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவர் இழுக்கும்போது நானும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். மறுமுனையில் ரேடியோ அக்கா. அவர் பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர். அவர் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். கடைக்குட்டி காலியான துணி வண்டிக்குள் உட்கார்ந்து விளையாடுவாள். அம்மாவுக்குக் கஞ்சி அறை. வெந்நீரில் மாவைக் கரைத்து, மேசை விரிப்புகளையும் பரிமாறுகிறவர்களின் கோட்டுகளையும் முக்கி எடுக்கிற வேலை.

கொஞ்ச நாளாக ஓட்டலிலிருந்து கோட்டுகள் திரும்பி வந்தன. காலர் நிற்கவில்லையாம். "நாய்க்காது மாதிரி தொங்குதாம். நம்ம கடைய வெச்சு அங்க சிரிக்கறாங்க" என்று முதலாளியம்மா ஒரு கோட்டைத் தூக்கிக் காட்டினார். மாவு மூட்டையும் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. யாரோ வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று முடிவு செய்து எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "நீ எடுத்தியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று உனக்குத் தோன்றும். எனக்கு வாய் திறக்கவில்லை, அக்கா. முகம் சூடாகி, கண்ணில் தண்ணீர் முட்டி, திருடியவள் எப்படி நிற்பாளோ அப்படியே நின்றேன். "பாருங்க, கேட்டதுக்கு ஒரு பதில் வருதா? இந்த மாதிரி பேசாததுங்கள நம்பவே கூடாது" என்றார் முதலாளியம்மா. ரேடியோ அக்காகூட அன்று பேசவில்லை.

அம்மா கஞ்சி அறை வாசலில் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

நான் போய், வேர்வையைத் துடைக்கிறவள்போல என் துப்பட்டா நுனியால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா அந்த மாவைத் தின்றுகொண்டிருந்தாள், அக்கா. பச்சை மாவை. கட்டியாக இருப்பதைப் பொறுக்கி இடுப்பில் முடிந்துகொண்டு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. மாவு குறைவது தெரியாமலிருக்கத் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கிறாள். அதனால்தான் காலர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டேன், தொடவில்லை. "எனக்கே தெரியலடீ. வேணாம் வேணாம்னு நெனைக்கறேன், கை அதுவா போகுது. வாசன பட்டாலே பல்லெல்லாம் ஊறுது. நான் என்ன மனுஷியா, கரப்பான்பூச்சியா?" என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். என்னைத் திருடி என்றபோது அவள் சும்மா நின்றதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது ஒருமுறை பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னுகிறாள்.

அதற்கப்புறம்தான் ஒருநாள் கஞ்சித் தொட்டி ஓரத்திலேயே விழுந்தாள். நல்ல வேளை, வெந்நீர்ப் பக்கம் விழவில்லை. நான் கத்திய கத்தலில் துவைக்கிற மெஷினையே நிறுத்திவிட்டார்கள். "ஐயையோ, இவளுக்கு இவ்ளோ பெரிய வாயா!" என்று ரேடியோ அக்கா அந்த நேரத்திலும் சொன்னாராம். முதலாளியம்மாதான் தன் வேனில் ஏற்றி, துணி மூட்டைகளுக்கு நடுவே அம்மாவைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் ஒரு பெண். அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு சாதாரணமாக, "மண்ணு, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி, இந்த மாதிரி ஏதாவது திங்கணும்போல இருக்கா?" என்று கேட்டார். அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "கஞ்சி மாவு" என்றேன்.

டாக்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளியம்மாவுக்கும் நன்றாகக் கேட்டது. என்னைத் திருடி என்றபோதுகூட எனக்கு உடம்பு இப்படிக் கூசவில்லை, அக்கா. அம்மா தலையைக் குனிந்து, கைவிரலில் ஒட்டியிருந்த மாவை மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் அதிர்ச்சியடையவில்லை, எழுதிக்கொண்டார். ரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்தால் சிலருக்கு இப்படித் தோன்றுமாம். "இது திருட்டுப் புத்தியும் இல்ல, பைத்தியமும் இல்ல. இரும்பு ஏறினா இந்த ஆசை தானா போயிடும். இவ்ளோ கொஞ்சம் ரத்தத்த வெச்சுக்கிட்டு நீங்க வேலைக்கு வேற போயிட்டிருக்கீங்க" என்றார். முன்பே ஒரு டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அசதிக்கு அசதிக்கு என்று அம்மா நாள் முழுக்க டீ குடிப்பாள் அல்லவா, மாத்திரையையும் டீயிலேயே விழுங்கியிருக்கிறாள். அப்படிப் போட்டால் பாதி உடம்பில் சேராதாம். பிறகு வெளிக்குப் போவது கறுப்பாகப் போயிருக்கிறது. உள்ளே ஏதோ அழுகிவிட்டது என்று பயந்து, யாரிடம் கேட்பது என்று வெட்கப்பட்டு, மாத்திரையையே நிறுத்திவிட்டாள். அது மாத்திரையின் நிறம்தானாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டும். சில வாரங்கள் விடாமல் போக வேண்டும். ரத்தம் போவது ஏன் என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, கண்விழிக்கக் கூடாது. அம்மா உடனே, "பெரியவளுக்குப் பிரசவம் முடியட்டுங்க, வந்து பாத்துக்கறேன்" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்க போறது பாப்பாவத் தூக்கறதுக்கா, இல்ல அவங்க உங்களத் தூக்கறதுக்கா?" என்று கேட்டார். முதலாளியம்மா சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் அதே வேன்தான். இறங்கும்போது முதலாளியம்மா, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கஞ்சி அறை வேறொருவருக்குப் போய்விட்டது. மடிப்பு மேசையருகே அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. எல்லோரும் நிற்கிற இடத்தில் தான் மட்டும் உட்காருவது அம்மாவுக்கு இன்னும் பெரிய வெட்கம். யாராவது வந்தால் எழுந்துவிடுகிறாள்.

அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "ஊருக்கெல்லாம் ஊமையா இருந்தவ, என் மானத்த வாங்கறதுக்குத்தான் வாயத் தெறந்தியா?" என்று ஒருமுறை கேட்டாள். அதோடு சரி. ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பையை எடுத்து உனக்காக அடுக்கத் தொடங்கிவிட்டாள். பாப்பாவுக்குத் தைத்த சட்டை, பழைய மெல்லிய துணி, கம்பளி. ஒரு சட்டையை மடிப்பாள், கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவாள், பிறகு அடுத்தது.

அக்கா, உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. நீ முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறாய், அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உன் வீட்டில் உன்னைக் கேட்பார்கள், நீ தலைகுனிய வேண்டியிருக்கும், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் அம்மாவை வர வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. நான் எழுதியதாகச் சொல்லாதே. இங்கே ஆள் இருக்கிறது, நீ அலைய வேண்டாம் என்று நீயாகச் சொன்னதாக இருக்கட்டும். நீ சொன்னால்தான் நிற்பாள்.

அங்கே இருக்கிற ஆள் நான்தான். நான் வருகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், கடைக்குட்டியை வளர்த்தவளுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியாதா? உன் வீட்டு ஆட்களிடம் பேசத்தான் தெரியாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தனியாக எப்படி வருவாய் என்று பயப்படாதே. ஸ்டேஷனுக்குப் போய் எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டேன். முதல் தடவை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது. நான் இல்லாத நாட்களில் அம்மாவை ஊசிக்குக் கூட்டிப் போகிறேன் என்று ரேடியோ அக்கா சொல்லியிருக்கிறார். போகிற வழியெல்லாம் அம்மாவுக்கு வானொலி இலவசம்.

இன்னொன்று. அன்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, நாள் முழுக்க ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, மாமா கேலி செய்கிறார் என்று. அதை உன் டாக்டரிடம் சொல், சிரிக்காமல் சொல். மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதே. கறுப்பாகப் போனால் பயப்படாதே. எதுவாக இருந்தாலும் கேட்டுவிடு. நம் வீட்டில் யாராவது ஒருத்தியாவது வெட்கப்படாமல் இருக்கட்டும்.

நீயும் உன் பிள்ளையும் நல்ல ரத்தத்தோடு, நல்ல பலத்தோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்ளும்,
உன் ஊமைத் தங்கை

பி.கு.: இதை மடிக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். அக்காவுக்கா என்று கேட்டாள். தலையாட்டினேன். "எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றாள். அதற்கும் ஆட்டினேன். கொஞ்ச நேரம் பையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். பிறகு, "அந்த மாவு சமாச்சாரத்த மட்டும் அடிச்சிருடீ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மற்ற எதையும் அடிக்கச் சொல்லவில்லை, அக்கா.

மாவை அடித்தால் உனக்கு எதுவுமே புரியாது. அதனால் அடிக்கவில்லை. படித்துவிட்டுப் படிக்காதவள்போல இருந்துவிடு. இப்போது அம்மா தூங்குகிறாள். பை பாதியில் திறந்தே கிடக்கிறது. மீதியை நான் அடுக்கிக்கொள்கிறேன்.