கைப்பையின் எடை

மார்ச் 17, ஞாயிறு

வெயில் இப்போதே மே மாதம் போல. மாடிக் குழாயில் வெந்நீர்.

தேர்தல் அறிவித்தாயிற்று. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். நாளை காலை.

எனவே ரிவால்வருக்கு முழுச் சுத்தம். பித்தளை பிரஷ், பழைய வேட்டித் துணி, மெல்லிய எண்ணெய். ஆறு அறைகளில் ஒன்றில் மட்டும் எப்போதும் கரி அதிகம். ஏன் அது மட்டும்? ரைபிள் கிளப்பில் கேட்டால் சிரிக்கிறார்கள். தோட்டாக்கள் தனிப் பூட்டில்.

மதியம் வல்லத்திலிருந்து தம்பி செல்வம் வந்தான். பக்கத்து நிலத்து ஏகாம்பரம் உழும்போது வரப்பைத் தின்றுகொண்டே வருகிறாராம். சர்வேயர் தேர்தல் முடிந்துதான் வருவார்.

"அடுத்த ஞாயிறு ஊருக்கு வாக்கா. அந்தத் துப்பாக்கிய பைல போட்டுனு வா. எடுக்கவே வேணாம். சும்மா நீ நின்னா போதும்."

"அது சுடப் பழகறதுக்குடா."

"யாரு சுடச் சொன்னா?"

அது ஸ்டேஷனுக்குப் போகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாலை. வீட்டில் யாரும் இல்லை. வியர்த்த கையோடு காலி ரிவால்வரை எடுத்துக் கைப்பையில் போட்டு, கூடத்தில் நடந்து பார்த்தேன். இத்தனை வருடங்களில் பெட்டியில் பூட்டி கிளப்புக்கு எடுத்துப் போனதுதான். இப்படி ஒருநாளும் இல்லை. தோள் சற்று இறங்குகிறது. நடை மெதுவாகிறது. பீரோ கண்ணாடியில் இருந்தவள் யாருக்கும் வழிவிட மாட்டாள் போல. பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். பிடித்திருந்தது.

மார்ச் 18, திங்கள்

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பையிலிருந்து எடுத்து அப்படியே பெட்டியில் வைத்து ஸ்டேஷனுக்கு ஓட்டம்.

ஏட்டு சிலிண்டரைத் திறந்து பார்த்தார். "இன்னா டீச்சர், இது சுடுமா, இல்ல ஆயுத பூசைக்கு வைக்கறதா?"

"பத்து மீட்டர்ல அட்டை ஓட்டையாகும்."

"அட்டை இன்னா பாவம் பண்ணிச்சோ. ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கறோம், போங்க."

மார்ச் 20, புதன்

பிளஸ் டூ விடைத்தாள். பால்காரருக்குச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ஒருவன் பைக்கை உரசினாற்போல் விட்டான். என் கை உடனே பையை அணைத்தது. உள்ளே குடையும் சீப்பும்தான். ஒரே மாலைப் பழக்கம் கைக்குள் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது?

மார்ச் 24, ஞாயிறு

வல்லம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கி வருகிறது என்று செல்வம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே ஏகாம்பரம். எப்போதும் ஊருக்கே கேட்கும் குரல். இன்று, "வாம்மா டீச்சரு, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற, வேப்பமரத்தாண்ட வா."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பையில்.

செல்வம் எல்லைக் குச்சி நட்டுக்கொண்டே போனான். பழைய வரப்பையும் தாண்டி ஏகாம்பரம் நிலத்துக்குள் இரண்டு முழம். ஏகாம்பரம், "நட்டுக்கப்பா, நீ சொல்ற எடத்துலயே நட்டுக்க" என்றார். கொஞ்ச நேரம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, இல்லாத ஒன்று இவ்வளவு வேலை செய்வது.

அப்போது தண்ணீர் குடிக்க பை ஜிப்பை இழுத்தேன். ஏகாம்பரத்தின் மனைவி பேத்தியைச் சட்டென்று இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டார். என்னிடமிருந்து.

பையை வரப்பில் கவிழ்த்தேன். குடை, சீப்பு, பாட்டில், இரண்டு கொய்யா.

"இன்னாம்மா தேடற?" என்றார் ஏகாம்பரம்.

"ஒண்ணும் தேடல. பாருங்க. துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குது. திங்கக்கிழமையே குடுத்துட்டேன்."

ஏகாம்பரம் போய் முதல் குச்சியைப் பிடுங்கினார். "அப்போ இத்த எவன்டா இங்க நட்டது?" பழைய குரல். பேத்தி கொய்யாவை எடுத்துக்கொண்டாள்.

செல்வம் என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டான். "கூடப் பொறந்தவளே இப்டி பண்ணா?" அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

செல்வம் போன் எடுக்கவில்லை. பால்காரரிடம் சொல்லியாயிற்று.

ஜூன் 13, வியாழன்

காற்று, தூசி. ரிவால்வர் திரும்பி வந்தது. "பத்திரமா இருந்துச்சு டீச்சர்" என்றார் ஏட்டு.

வீட்டில் விளக்கடியில் பார்த்தேன். குழலின் இடப்பக்கம் செம்பழுப்பாக ஒரு கறை. லென்ஸ் வைத்தால் வளைவு வளைவாகக் கோடுகள். கட்டைவிரல் ரேகை. ஸ்டேஷனில் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று கோபம். என் விரலை மேலே வைத்தேன். அளவாக உட்கார்ந்தது.

சுத்தம் செய்த பிறகு வியர்த்த கையால் நான் தொட்டது, கைப்பையில் போட்டு நடந்த அந்த மாலைதான். வியர்வை, உப்பு, இரும்பு, துரு. வருடாவருடம் வேதியியல் வகுப்பில் நானே நடத்துவது.

ஜூன் 16, ஞாயிறு

செல்வம் வந்தான். சொல்லாமல். ஒரு பை மல்லாட்டை. சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டாராம், பழைய வரப்பிலேயே. உழுது தின்றதை ஏகாம்பரம் விட்டுக்கொடுத்தாயிற்று. முணுமுணுப்போடு.

நான் ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழலில் இருந்த கறையைப் பார்த்தான்.

"பாலிஷ் குடுத்தா போயிடும்க்கா."

"இருக்கட்டும்."

மல்லாட்டை உடைத்துத் தின்றோம். பிறகு அவன், "அன்னிக்கி நெஜமாவே பைல இருந்திருந்தா, பைய கவுத்திருப்பியா?"

தெரியாது என்றேன். அவன் சிரிக்கவில்லை.