கீழ்வேளூர்க்காரியின் ஹீலர் திரை

அடியே,

முந்தாநாள் சனிக்கிழமை மதியம் நம் வாட்ஸ்அப் பேச்சை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் அதைப் பிடித்துவிட்டேன். நீ அனுப்பிய அந்த எழுத்துக் குப்பை. பெரிய ஏ, சின்ன க்யூ, ஏழு, கூட்டல் குறி, மறுபடியும் ஏதோ நாலு எழுத்து என்று பத்து விரற்கடை நீளத்துக்கு ஓடுகிறது. தெரியாதவர்கள் பார்த்தால் போன் மேல் பூனை படுத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதை அப்படியே நகலெடுத்து, நம் கணினி விளையாட்டுக்குள் போய், திரையை மாற்றியமைக்கிற ஆட்ஆனின் பெட்டியில் ஒட்டி, பொத்தானை அமுக்கினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி என் திரை காணாமல் போய் உன் திரை வந்து உட்கார்ந்தது! "ஐயோ" என்று கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக என்னாச்சு என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல? போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காமலே போனவள் என் மேசைக்கு வந்துவிட்டாள் என்றா?

விஷயம் இதுதான். நம் அணியில் அடிபட்டவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற ஹீலர் பையன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். புது ஆள் கிடைக்கவில்லை. ஹீலர் இல்லையென்றால் பத்துப் பேரும் கலைந்துபோக வேண்டியதுதான். அணியை நடத்தும் அண்ணன் ஒரே போடாகப் போட்டார்: "டேங்க் யாரு வேணும்னாலும் நிக்கலாம். நீங்க ஹீலுக்கு வாங்க, டீச்சர்." நானா? வருஷக்கணக்காக டேங்காக முன்னால் நின்று அடி வாங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாத நானா? நீ எனக்குப் பின்னால் நின்று அத்தனை பேர் உயிரையும் விரல் நுனியில் வைத்துக்கொண்டு ஆடியதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் உன் திரை அமைப்பைத் தேடினேன்.

தேடி எடுத்துப் பார்த்தால், அடேயப்பா! எல்லா விளையாட்டும் பத்துப் பேரின் உயிர்ப் பட்டைகளைக் கொண்டுபோய் இடது மேல் மூலையில் ஒட்டிவைக்கும். நீ அதைத் திரையின் நடுவில், உன் ஆள் நிற்கும் காலுக்குச் சற்றுக் கீழே இறக்கி வைத்திருந்தாய். "மூலையவே பாத்துக்கிட்டிருந்தா காலுக்கடியில தீ எரியிறது எப்படிடி தெரியும்? ஹீலரே செத்துட்டா அப்புறம் யாரு இருக்கா?" என்பாய். உயிர் நிறைந்திருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்பதுதான் ஊரில் உள்ள வழக்கம். உன் திரையில் பச்சையே கிடையாது. நல்லபடியாக இருப்பவனின் பட்டை கறுத்து இருட்டோடு இருட்டாகக் கிடக்கும். அடி விழுந்தால் குறைந்த அளவு மட்டும் பளீரென்று மஞ்சளில் எரியும். "நெறைஞ்சிருக்கிறத எதுக்குக் காட்டணும்? கொறையிறத காட்டுனா போதும்" என்று நீ சொன்னபோது நான் வாயில் முறுக்கோடு சிரித்தேன். இப்போது பத்து இருட்டுப் பட்டைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்ததும் கை தானாக அங்கே ஓடுகிறது. யோசிக்கவே வேண்டாம்! இத்தனை நாள் இந்தச் சுகத்தைத் தனியாக அனுபவித்திருக்கிறாய் நீ.

பட்டையின் மேல் அம்பை வைத்து இடது பொத்தானைத் தட்டினால் சின்ன வைத்தியம், வலது பொத்தானைத் தட்டினால் பெரிய வைத்தியம், நடுச் சக்கரத்தை அமுக்கினால் விஷமுறிவு. விஷம் ஏறியவனின் பட்டையைச் சுற்றி ஊதா விளிம்பு. கூடவே, எழுத்துக் குப்பையோடு நீ அனுப்பியிருந்த ஒலியையும் போட்டதால், அந்த ஹாரன். அதை மறந்தே போயிருந்தேன். பழைய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் போகிற தனியார் பஸ்ஸின் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்தாயே, அதே ஹாரன். கண்டக்டர் "ஏறும்மா, ஏறும்மா" என்று கத்துவதும் அதில் பாதி விழுந்திருக்கிறது. முதல் முறை அது அலறியபோது நாம் இருவரும் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "வீட்டுக்குள்ள என்னம்மா பஸ்ஸு?" என்று கேட்டார். நீ நிதானமாக, "விஷம் ஏறிடுச்சு சார், எறக்கிட்டிருக்கோம்" என்றாய். அவர் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப் பக்கமே வருவதில்லை.

எல்லாம் சரி, பட்டைகளை நீ அடுக்கியிருந்த பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. எந்த அணியிலும் டேங்க்தான் பட்டியலில் முதல். அடி மொத்தமும் அவன் மேல்தானே விழுகிறது. நீ என்னைக் கொண்டுபோய்ப் பத்தாவதாக வைத்திருந்தாய். முதல் இடத்தில் யார்? மன்னார்குடி பிரவீன். வில்லைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஒரு மூலையில் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் செத்துப்போகிறவன்!

"அவனுக்கு மொத எடம், எனக்குக் கடைசியா?" என்று நான் குதித்ததற்கு நீ உன் அப்பாவின் வயலைக் கொண்டுவந்தாய். கீழ்வேளூர் பக்கம் உங்கள் வயல் வாய்க்கால் முடிகிற கடைமடை. மேட்டூர் திறந்த சேதி பேப்பரில் வந்து, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்றே விட்டு முடித்திருப்பார்கள். உங்கள் மதகில் அப்போதுதான் மண் நனைய ஆரம்பிக்கும். "தலைமடையில தண்ணி இல்லன்னா ஊரே சத்தம் போடும்டி. நீ அடி வாங்குனா திரையே ஆடும், எனக்குத் தெரியாமப் போயிடுமா? கடைமடைக்காரன் காஞ்சாதான் யாருக்கும் தெரியாது. அதான் அவன மொதல்ல பாக்குறேன்." அன்றைக்கு உன்னோடு பேசாமலே சாப்பிட்டேன். ஞாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசி என்றால் கடைசிதானே!

அந்த வீம்புதான் என்னை அந்தக் காரியம் செய்ய வைத்தது. இது உன்னைத் தவிர நேற்றுவரை யாருக்கும் தெரியாது.

நம் அணி ஒரு மாதமாக முட்டி மோதிக்கொண்டிருந்த அந்த விஷப் பாம்பரசனை அடிக்கிற ஞாயிறு. மதியம் மூன்று மணி ஆட்டம். அன்றைக்குப் பார்த்து உங்கள் வயலில் சம்பா நடவு, தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது. விடிய பஸ் ஏறிப் போனாய், மூன்றுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. உன் மடிக்கணினி என் எதிர் மேசையில் திறந்தே கிடந்தது. எனக்கு வேலை இல்லை. ஒரே ஒரு பட்டைதானே, என்னுடையதை மட்டும் மேலே ஏற்றி, கொஞ்சம் அகலமாக்கி வைத்துவிட்டால் என்ன, வந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். இழுத்தேன். மற்ற ஒன்பதும் சிதறி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சரிசெய்யப் போய் இன்னும் கெட்டது. பதற்றத்தில் 'எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு' என்பதை அமுக்கினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் நான். அமுக்குவதற்கு முன் படி, படி என்று பிள்ளைகளைத் தினமும் திட்டுகிறவள். படிக்காமல் 'ஆம்' என்று அமுக்கினேன். பழையபடி என்றால் நேற்று இருந்தபடி என்று நினைத்தேன். அது நீ விளையாட்டை வாங்கிய நாளுக்குக் கொண்டுபோய் விட்டது. இரண்டு மாதம் நீ உட்கார்ந்து செதுக்கியது எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீ வந்தாய். சுடிதார் ஓரமெல்லாம் சேறு. திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"என்னடி பண்ணுன?"

"என்னைய மேல ஏத்தலாம்னு…"

நீ ஒரு பெருமூச்சு விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டினாய். "சரி, ஒக்காரு. மூணு ஆவப்போவுது" என்றாய். அவ்வளவுதான் நீ திட்டியது.

பதினோரு நிமிடம் ஆடினோம். நான் முன்னால் நின்று பாம்பிடம் கடி வாங்கிக்கொண்டிருந்தேன், உன் பக்கம் பார்க்க எனக்கு ஏது நேரம்? பாம்பின் உயிர் நாலு சதவீதத்துக்கு வந்தபோது அண்ணன் ஆனந்தத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் பிரவீனுக்கு விஷம் ஏறியது. அவன் செத்தான். அடுத்து இருவர், அடுத்து நான், அப்புறம் எல்லோரும்.

"ஏம்மா ஹீலரு, தூங்கிட்டீங்களா?" என்று அண்ணன் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"சாரிண்ணே. என் தப்புதான்" என்றாய் நீ.

என் மைக் திறந்திருந்தது. நான் பேசவில்லை.

அடுத்த வாரமே வேறு ஹீலரைப் போட்டார்கள். அந்தத் துபாய் பையன்தான். மூன்று மாதம் நீ வெளியில் உட்கார்ந்தாய். அந்த மூன்று மாதத்தில் திரையை முதலிலிருந்து மறுபடி கட்டினாய், முன்பைவிடப் பிரமாதமாக. கட்டி முடித்து அந்த எழுத்துக் குப்பையை எனக்கு அனுப்பி, "பத்திரமா வச்சுக்க, மறுபடி கை வப்ப நீ" என்று எழுதினாய். அப்புறம் உன்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், இரண்டாவது ஹீலராக. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. ஆட்டம் ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "கீழ்வேளூர் மேடம், தூங்கிடாதீங்க" என்பார். நீயும் சிரிப்பாய். நீ போன அன்று அண்ணன் குழுவில் எழுதினார்: "கடைசியில நெசமாவே தூங்கிட்டீங்களே மேடம்." பாசமாகத்தான் எழுதினார், அழுதுகொண்டேதான் எழுதியிருப்பார். எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. உன்னைப் பற்றி அவர்களுக்கு ஞாபகம் இருக்கப்போகிற ஒரே வரி அது, அதுவும் என்னால் வந்த வரி.

நேற்று ஞாயிறு. நான் உன் திரையில் உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்தில் எல்லோரையும் சாகக் கொடுத்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். ஹாரன் அடிக்கும்போது பயந்துபோய் நடுச் சக்கரத்துக்குப் பதில் வலது பொத்தானைத் தட்டுகிறேன்! அண்ணன் சிரித்தார். "அந்த சீட்டுல ஒக்காந்தாலே தூக்கம் வந்துடுமோ டீச்சர்? நம்ம மேடம் மாதிரி."

"அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பட்டையை மேலே ஏற்றப் பார்த்தது, படிக்காமல் 'ஆம்' அமுக்கியது, மைக் திறந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். சொன்னால் போக வேண்டியதுதான்.

பிரவீன்தான் முதலில் பேசினான். "அப்ப அன்னிக்கு அந்த ஹாரன் இல்லையா அவங்களுக்கு?"

"இல்லடா."

"தட்டுனா வைத்தியம் போறதும்?" இது அண்ணன்.

"எதுவும் இல்லண்ணே. மூலையில வெறும் பட்டை. ஒவ்வொருத்தரா தேர்ந்தெடுத்து, அப்புறம் கீபோர்டுல தட்டணும்."

அண்ணன் மெதுவாக, கணக்குப் போடுகிற மாதிரி சொன்னார்: "பதினோரு நிமிஷம். அந்தப் பாம்பு. வெறுந்திரை. அதுல பத்துப் பேரையும் நாலு பர்சென்ட் வரைக்கும் உசுரோட கொண்டாந்தாங்களா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது, அடியே! நான்கு வருஷமாக அதை உன் தோல்வி என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேனே தவிர, நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இந்தத் திரை இருந்தும் என்னால் நான்கு நிமிடம் தாங்க முடியவில்லை. நீ சேற்றுக் கையோடு வந்து, ஒன்றுமில்லாமல், பதினொன்று!

"நம்ம அணி ஆடுனதுலயே பெரிய ஆட்டம் அதுதான்யா" என்றார் அண்ணன். "அதுக்குப் போயி அவங்கள நான் ஒக்கார வச்சேன். மூணு மாசம்."

என்னை யாரும் திட்டவில்லை. போகவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. நீ வெளியில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருநாள் உன்னிடம் கேட்டேன், ஏன்டி என் பெயரைச் சொல்லவில்லை என்று. நீ காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "சொல்லியிருந்தா ஒன்ன எடுத்திருப்பாங்க. நீ இல்லாத அணியில ஒக்காந்து நான் யாரைடி காப்பாத்துறது?" நான் தம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டேன். அன்றே மைக்கைத் திறந்து சொல்லியிருக்கலாம். உனக்குக் காது கேட்கிற நாளில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் சுமந்துகொண்டுதான் இருப்பேன், நீ இறக்கிவைக்கச் சொன்னாலும் மாட்டேன்.

ஆனால் இதைக் கேட்டுக்கொள். நேற்று இரண்டாவது ஆட்டம் தொடங்கும் முன் அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்: "இனிமே அந்தத் தூக்கப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. யாராச்சும் புதுசா வந்து இந்த அணியில பெரிய ஹீலர் யாருன்னு கேட்டா, கீழ்வேளூர் மேடம்னு சொல்லணும். டீச்சர், நீங்கதான் சொல்லணும்."

சொல்வேன், அடியே. வாய் ஓயாமல் சொல்வேன்.