மலரின் அட்டையில் இரண்டாவது எண்

12-3-84, திங்கள்
காலை முழுக்கப் பனிமூட்டம். தோட்டத்துக் கிளினிக் அட்டைகளில் நோய்க்கான எண் எழுதும் வேலை. இன்னும் முப்பது பாக்கி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் காவேரி, மகள் மலரோடு வந்தாள். ஒன்பது வயது. மூளை வளர்ச்சி மந்தம், கவனம் நிற்காது என்று போன வருடமே எண் போட்டாயிற்று. இப்போது வேறு: திடீரென்று அசையாமல் நிற்கிறாளாம். வெறித்த பார்வை. கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

"ஒரு எடத்துல இருக்காத புள்ளக்கா. இது புதுசு."

16-3, வெள்ளி
டாக்டர் வரும் நாள். மலரை இரண்டு நிமிடம் பார்த்தார். "கவனம் இல்லாத பிள்ளைதானே லா. பழைய எண்ணே போதும்."

"அம்மா புதுசுங்கிறாங்க, டாக்டர்."

"நீங்க எழுதுறவங்க. நோய் பார்க்கிறது நான்."

பயிற்சியில் சொன்னது: இருக்கிற நோயோடு வழக்கமாக வராத அறிகுறிக்குத் தனி எண். பழைய எண்ணோடே அட்டையை அடுக்கில் வைத்தேன். வீட்டில் சீனி தீர்ந்தது.

19-3, திங்கள்
மழை. மலர் தார் ரோட்டின் நடுவில் நின்றுவிட்டாள். எதிரே கொழுந்து லோரி. டிரைவர் கால்வாயில் இறக்கி நிறுத்தினார். மலருக்குக் கீறல்கூட இல்லை. காவேரி அவளை இழுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்கு வந்தாள்.

"ஹாரன் அடிச்சாரு, திரும்பலக்கா. கவனிக்கலன்னு டீச்சர் அடிக்கிறாங்க. நானும் அடிச்சேன்."

பழைய எண்ணின் கீழே, நினைவு தப்புவதற்கான எண்ணை எழுதினேன். டாக்டரைக் கேட்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் பையில் அட்டையைப் போட்டேன். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும்.

23-3, வெள்ளி
ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குப் போன். இரண்டாவது எண்ணுக்கு என்ன சோதனை செய்தீர்கள் என்று.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"யாரையும் கேக்கல, டாக்டர்."

தோட்ட மேனேஜரிடம் சொல்லப்போவதாகச் சொன்னார்.

2-4, திங்கள்
மலரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். தலையில் கம்பி ஒட்டிப் பார்த்தார்களாம். வலிப்பு. விழாமல், துடிக்காமல் வருகிற வகை. மாத்திரை காலை, மாலை. காவேரி என் மேசையோரம் உட்கார்ந்து அழுதாள். "தெரியாம அடிச்சுட்டேனே அக்கா."

27-4, வெள்ளி
பத்து நாளாக மலருக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் வாசலிலேயே நின்றார். "மேனேஜர்கிட்ட சொல்லல." "மலரோட பழைய எண் போட்ட பிள்ளைங்க அட்டையெல்லாம் எடுங்க."

மொத்தம் பதினொன்று. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். நான்காவது, ராணி, ஏழு வயது. காலையில் தலைவலி, வாந்தி. டாக்டர் வராத நாள். தனி எண் போடாமல், நானே பழைய எண்ணோடு சேர்த்து முடித்திருக்கிறேன். என் கையெழுத்துதான். குடும்பம் ரிங்லெட் ஊருக்குக் குடிபோய் ஐந்து மாதம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ராணியைத் தேடிப் போக வேண்டும்.