பாயிண்ட் நாலு என்று நீ சொன்னாய்

போன வாரம் ராணிப்பேட்டையில், எஞ்சின் பேக்கிங் வெட்டும் கேஸ்கெட் ஷீட் வாங்கப் போனேன். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஷீட்டை வெர்னியரில் வைத்துக் கனம் சொன்னார். மற்றவர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னொரு வாட்டி பாருப்பா. இது இன்னா, அவரு கேஜா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். ‘அவரு’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அவர் சொன்னது உன் பெயர்.

"யாரு அது?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. யாரோ தோல் ஷாப்புல இருந்தவராம். தப்பா அளந்தா இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க."

நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், உன் முகமே தெரியாதவர்கள் வாயில் உன் பெயர் தப்பான அளவைக் குறிக்கும் சொல்லாகி உட்கார்ந்திருக்கிறது. இருபது வருஷம் தோலின் கனம் பார்த்து, ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனுஷன் நீ. உனக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டிய மகாராஜா நான்தான். ஷீட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வாலாஜா ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் டீசல் எஞ்சின்களுக்கு உயிர் கொடுக்கும் பிரம்மதேவன் நான். நான் கட்டிய எஞ்சின் ஹேண்டிலைக் காட்டினாலே ஸ்டார்ட் ஆகும், பக்கத்து வயல் எஞ்சினும் பயத்தில் சேர்ந்து ஓடும் என்று சொல்லித் திரிந்தேன். ஆயிரம் பேர் நம்பினார்கள். உனக்கு எழுதும்போது அளந்துதான் எழுத வேண்டும்: ஒரு இருபது பேர்.

நீ எனக்கு நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு கொட்டகைக்கு வருவாய். கிரீஸ் கம்மியாக இருக்கும் ஸ்டூலைத் தேடி, அதன்மேல் கைக்குட்டையை விரித்து உட்காருவாய். சட்டைப்பையில், துணியில் சுற்றிய உன் கேஜ் இருக்கும். தோலை அதன் வாயில் வைத்தால் முள் திரும்பிக் கனத்தைக் காட்டும். நீ வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் பொதுவாகக் கிடக்கும் கேஜை நீ நம்பமாட்டாய், "பத்து கை பட்டதுடா அது" என்பாய். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாய். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் முன்னால் கிடந்தது கலவைப் பக்கத்து விவசாயி ஒருவரின் கிணற்று எஞ்சின். புது லைனர், புது பிஸ்டன். "ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆவும். ரெண்டாவது சுத்து சுத்த வேண்டி வந்தா என் மீசைய எடுத்துடறேன்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குக் கம்ப்ரஷன் ஜாஸ்தியாக வேண்டும். சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் போடும் பேக்கிங்கை எடுத்துவிட்டால் பிளாக் கீழே இறங்கும், பிஸ்டன், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுக்கு இன்னும் கிட்டே போகும், காற்று இன்னும் இறுகும். நான் எடுத்துவிட்டேன்.

இடைவெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க, பிஸ்டன் தலையில் இரண்டு ஈயக் கம்பித் துண்டுகளைக் கிரீஸ் தடவி ஒட்டினேன். ஹெட்டை மாட்டி முறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினேன். நசுங்கிய ஈயத்தின் கனம்தான் இடைவெளி. நீ இரண்டு துண்டுகளையும் கேஜில் வைத்துப் பார்த்தாய். திருப்பி வைத்தும் பார்த்தாய்.

"பாயிண்ட் நாலு எம்.எம். தோலா இருந்தா கிளவுஸுக்குப் போவும். உனக்கு ஆவாதுடா."

"ஏன் ஆவாது?"

தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாய். பிஸ்டன் ஓர் இழுப்பில் இழுக்கும் காற்று ஐந்நூற்று ஐம்பத்து மூன்று சி.சி. பிஸ்டன் தலையில் இருக்கும் குழியை ஊசிக்குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தது இருபத்தெட்டரை. இந்த மெல்லிய இடைவெளியில் இன்னொரு இரண்டு. ஆக, மொத்தக் காற்றும் முப்பதரை சி.சி.க்குள் போய் அடங்க வேண்டும்.

"பத்தொம்போது மடங்கு இறுக்கற. புக்குல பதினேழரதான் போட்டிருக்கான். சூடு ஏறினா பிஸ்டன் வளரும், போய் ஹெட்ல இடிக்கும். ஒரு பேக்கிங் போடு, பாயிண்ட் ஒம்போது ஆவும். பேஜார் இல்ல."

"பதினேழர ஊர்ல எல்லாரும் கட்டறான்டா. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"உன் வாய்ல இருக்கற கம்ப்ரஷன் போதாதா?" என்று சொல்லிக் கேஜைத் துணியில் சுற்றினாய். நீ போனதும் நான் பேக்கிங் இல்லாமலே எஞ்சினை மூடினேன்.

கலவையில் அது அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. விவசாயி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பூமியைத் தொடாமல் வீடு திரும்பினேன். நாலாம் நாள் எஞ்சின் மினி லாரியில் ஏறிக் கொட்டகைக்கு வந்துவிட்டது. பிஸ்டன் தலை விண்டிருந்தது, கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நீ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். ஊரே கூடிவிட்டது. அளந்து சொன்னால், டீக்கடைக்காரரையும் சேர்த்துப் பதினொரு பேர்.

விவசாயி சத்தம் போடவில்லை. "நாத்து காயுதுப்பா. இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

என் ஆசைதான் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் உன் பக்கம் திரும்பினேன்.

"டேய், அன்னிக்கு பாயிண்ட் ஒம்போதுன்னு நீ சொன்னியா இல்லியா?"

பொய் சொல்லத் தெரியாதவன் நீ. "சொன்னேன். ஆனா..." என்றாய்.

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும். அது வெளியே வருவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டேன். "கேட்டுக்கோங்கபா! இவன் கேஜுல அப்பளத்த வெச்சா அம்மிக்கல்லுன்னு காட்டும். கொசு றெக்கய வெச்சா எருமத்தோலுன்னு காட்டும். போன மாசம் தன் சட்டைய அளந்துட்டு, கம்பளி போட்டிருக்கேன்னு நெனச்சு வேர்வையில நனைஞ்சான்!"

பதினொரு பேரும் சிரித்தார்கள். வாடிப்போய் நின்ற விவசாயிகூடச் சிரித்தார். நீ எழுந்து, ஸ்டூல்மேல் இருந்த கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

எஞ்சினை மறுபடி கட்டிக் கொடுத்தேன். இந்த முறை நீ சொன்ன பேக்கிங்கோடு, யாரிடமும் சொல்லாமல். அது இன்றைக்கும் ஓடுகிறது.

கதையும் ஓடியது. டீக்கடையில் சொன்னேன், கல்யாணப் பந்தியில் சொன்னேன், சொல்லச் சொல்ல அதற்குச் சதை போட்டது. அந்த வருஷம் உங்கள் ஷாப்பிலிருந்து போன ஒரு லாட் தோல், மெலிசாக இருக்கிறதென்று திரும்பி வந்தது. எத்தனையோ பேர் கைபட்ட லாட். ஆனால் தோலைத் தரம் பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பாக இருந்த மேஸ்திரிக்கு ஞாபகம் வந்தது அப்பளமும் அம்மிக்கல்லும்தான். மேசையிலிருந்து உன்னை எடுத்து உப்புக் கிடங்கில் போட்டார். பச்சைத்தோலுக்கு உப்பு வாரிப் போட கேஜ் எதற்கு? ரிட்டையர் ஆகிறவரை, எட்டு வருஷம், அங்கேயே இருந்தாய்.

அதன் பிறகு நீ கொட்டகைக்கு வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால், "நல்லா கீறியா?" என்று கேட்பாய். "கீறேன்டா" என்பேன். எதைப் பற்றியும் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசக்கூடிய நான், உன் முன்னால் அந்த ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுவேன். உன் அடக்கத்தன்று உன் மனைவி, "அவருக்கு ஒரு சேர் போடுங்க, இவரோட பழைய தோஸ்து" என்றார். நீ வீட்டில்கூட எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அந்தச் சேரில் உட்கார்ந்தேன். நின்றிருக்க வேண்டும்.

கேஸ்கெட் கடையிலிருந்து நேராக மேல்விஷாரம் போனேன், அந்த மேஸ்திரி வீட்டுக்கு. அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார். டீ கொடுத்து உட்கார வைத்தார்.

"பாய், அன்னிக்கு அவன் அளந்து சொன்னது பாயிண்ட் நாலு. பேக்கிங் போட்டா ஒம்போது ஆவும்னான். நான் போடல. கேஜு மேல தப்பே இல்ல."

அவர் காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல பாய். அவ்ளோதான்."

"இன்னா மாமு, உன் கதையிலேயே இதான் ரொம்ப சப்புன்னு கீது. அந்த அப்பளம் கதய எடுத்து வுடு. மருமவன் வந்திருக்காரு, கேக்கட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைச் சொல்லமாட்டேன் என்றேன். முன்பு சொன்னதையே, அதே சொற்களில், மறுபடி சொன்னேன். சிரித்தார். மூன்றாவது தடவை சொன்னபோது டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் அவன உப்புக்கு..." என்றார். மருமகன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் கடைக்கும் போய்ச் சொன்னேன். பில் எழுதுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி மாமா, ஷீட் வேணுமா வேணாமா?" என்றார். அன்று நான் கிளப்பிவிட்டது ஒரே வாரத்தில் ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. இதற்கு அந்தக் கால்கள் இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் நானே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கேட்பவர் யாரும் சிரிப்பதில்லை. சிரிக்காத வரைக்கும் சரியாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை கலவை பஸ். அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து உன் வீட்டுக்குப் போகிறேன். வழியில் என் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். உன் மனைவி முன்னால் போய் நிற்கும்போதும், பாயிண்ட் நாலு பாயிண்ட் நாலாகவே இருக்க வேண்டும்.