நாற்பத்திரண்டாம் பக்கம் பார்க்க

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக் கம்பி மறுபடி மக்கர். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறுவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்தது.

வாங்க: காபிப் பொடி, இவருக்கு பி.பி. மாத்திரை, நாப்தலின் உருண்டை.

டிஸ்பென்சரியில் பெயின்ட் வேலை முடிந்தது. இனி டிஸ்பென்சரி என்று சொல்லக் கூடாதாம். கிளினிக். பெரிய டாக்டர் ரிடையர் ஆகும்வரை பச்சைச் சுவர், மர பெஞ்சு, எடை பார்க்கும் மிஷின். மருமகள் டாக்டர் நேஹா கைக்கு வந்ததும் எல்லாம் வெள்ளை. காய்ச்சல், இருமலுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே தோல், முடி மட்டும். முன்மேஜை மட்டும்தான் இன்னும் பழசு. அதற்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நான். நானும் பழசு.

டா.நே. கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். "ஆன்ட்டி, ஃப்ரன்ட் டெஸ்க் மத்லப் கிளினிக் கா ஃபேஸ்." முன்மேஜைதான் கிளினிக்கின் முகமாம். இருபதாம் தேதி எல்லோரையும் போட்டோ எடுத்து வாசலில் போர்டு வைக்கப் போகிறார்கள். யார் யார் போர்டில் என்று அன்றைக்குள் முடிவாகுமாம். இதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தாள்.

கன்னத்தில் மங்கு. இரண்டு பக்கமும். பன்னிரண்டு வருஷமாக. தோல் வைத்தியம் பார்க்கும் இடத்தில் வாசலிலேயே மங்கு மூஞ்சி உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? அவள் மேல் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "உன் மூஞ்சிக்கு என்ன கேடு? முப்பது வருஷமா நான் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றார். ஆறுதலா, புகாரா, தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். மழை இல்லை.

புதுப் பெண் வந்தாள். ஷ்ரத்தா. இருபத்து மூன்று வயது. தினம் கல்யாணிலிருந்து ரயிலில் வருகிறாள். முகம் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு. "டிரெய்னிங்" என்றாள் டா.நே. எதற்கு டிரெய்னிங் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுத்தது: அப்பாயின்ட்மென்ட் ரிஜிஸ்டர். எந்த டிராயர் இழுத்தால் வராது. யாரை முதலில் அனுப்பாவிட்டால் சத்தம் போடுவார்கள். சேடா நகர் ராஜம் மாமிக்கு ஃபேனுக்கு நேரே நாற்காலி. அரை நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம், அரை நாள்.

மத்தியானம் டப்பாவிலிருந்து பாதி போஹா எனக்குத் தந்தாள், நம்ம அவல் உப்புமாதான். நல்ல பெண். கோபப்படக்கூட வழி வைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

லீவு போட்டேன். பரணில் நாப்தலின் வைக்க ஏறினால் அம்மாவின் பைண்டுகள். பதினொன்று. பச்சைக் காலிகோ முதுகு. இறக்கித் துடைத்து, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். சாதம் குழைந்தது.

அம்மா இந்த வீட்டில் இருந்த நாளில், அவளும் மேல் மாடி கோமு மாமியும் ஒரே வாரப் பத்திரிகையைப் பங்கு போட்டு வாங்கினார்கள். படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துப் பைண்டு. அம்மாவுக்குக் குடும்பக் கதை, மாமிக்கு ராஜா கதை. மீதியெல்லாம் பழைய பேப்பர் எடுக்கும் ரத்திவாலாவுக்கு. ஒழுங்காகத்தான் போனது. ஒரு வாரம் ஒரே தாளில் இந்தப் பக்கம் அம்மா கதையின் கடைசிப் பக்கம், அந்தப் பக்கம் மாமி கதையின் முதல் பக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மாமிக்கு விழுந்தது. அம்மா அந்தப் பக்கத்தை ரூல் போட்ட தாளில் கையால் எழுதிச் சேர்த்துத் தைத்தாள். இன்னும் இருக்கிறது, நீல மசி. சீட்டு கள்ளச் சீட்டு என்று சாகும்வரை சொன்னாள். மாமியோடு பேச்சு நின்றது நின்றதுதான். நான் போவேன், வருவேன். அம்மா மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கதை எனக்கு வேண்டாம். தாளின் பின்பக்கம்தான் ருசி. அழகுக் குறிப்புகள். சிலது எழுதி வைக்கிறேன்:

— கழுத்துக்கும் பவுடர் போடுங்கள். முகம் ஒரு வீட்டுப் பெண், கழுத்து ஒரு வீட்டுப் பெண் என்று இருக்கக் கூடாது.
— ஆபீஸ் போகும் சகோதரிகள் சிரிக்கும்போது மேல்வரிசைப் பல் மட்டும் தெரிந்தால் போதும்.
— குண்டாக இருப்பவர்கள் பெரிய பூப்போட்ட புடவையை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம்.
— ஆண்களுக்கு: கிருதா காதுமடலைத் தாண்டினால் மேலதிகாரிக்குப் பிடிக்காது.

சத்தமாகச் சிரித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "சாதம் குழைஞ்சதுக்கா சிரிக்கறே?" என்றார். திங்களுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஜூன் 14, சனி

கிளினிக். போட்டோவுக்கு யூனிஃபார்ம் அளவெடுக்க டெய்லர் வந்தான். ஷ்ரத்தாவுக்கு எடுத்தான். கம்பவுண்டருக்கு எடுத்தான். டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "இவங்களுக்கு?" என்று கேட்டான். டா.நே. "பாத் மே" என்றாள். அப்புறமாம்.

ரயிலில் நின்றுகொண்டே அழுதேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெரிய சௌகரியம்.

வந்ததும் ஏழாவது பைண்டு. வியாழக்கிழமையே மடித்து வைத்த பக்கம். 'மங்கு உள்ள சகோதரிகளுக்கு நற்செய்தி.' நல்ல ஜாதிக்காயை எலுமிச்சைச் சாறு விட்டுச் சந்தனம்போல் இழைத்து, மங்கு உள்ள இடத்தில் கனமாகப் பூசவும். ஆறே நாளில் பலன் தெரியும். பூசிய பிறகு... அவ்வளவுதான். அடைப்புக்குறிக்குள், 42-ஆம் பக்கம் பார்க்க. திருப்பினால் அடுத்த வாரத்துக் கதை. கதை இல்லாத பக்கத்தை அம்மா எதற்கு வைத்திருக்கப் போகிறாள்?

42-ஆம் பக்கம் மாமியின் ராஜா கதைக்குப் பின்னால் இருக்கலாம். போய்க் கேட்டால் தருவாள். ஆனால் அம்மா மங்கோடு செத்தாலும் சாவாளே தவிர கோமு மாமியிடம் ஒரு தாள் கேட்க மாட்டாள். எனக்கும் படியேறக் கால் வரவில்லை. மீதி என்ன இருக்கப் போகிறது? காய்ந்ததும் கழுவவும், இப்படிக்கு உங்கள் சகோதரி. அதுதானே.

ஆறு நாள். இருபதாம் தேதிக்குச் சரியாக ஆறு நாள். மாதுங்கா மார்க்கெட்டில் ஜாதிக்காய் வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில்! ஒரு வாரத்துக்குப் பிறகு. கட்டடம் முழுக்க எல்லா பால்கனியிலும் துணி.

அம்மாவின் சந்தனக் கல்லில் இழைத்தேன். கனமாகப் பூசினேன். எவ்வளவு நேரம்? எதைப் பூசினாலும் காய்ந்து இழுத்துப் பிடித்து உதிரும்வரை என்பது அம்மா கணக்கு. ஈரக் காற்றில் காயவே இல்லை. பால்கனியில் துணிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்தேன்.

இவர்: "என்னடி இது, சந்தனக் காப்பா? தீபாராதனை எப்போ?"

கோபம் வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். போர்டில் என் போட்டோ, பெரிய டாக்டர் வந்து பார்ப்பதுபோல எல்லாம் நினைத்துப் பார்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிஜம்.

சாயங்காலம் முகம் தக்காளி. தயிர் தடவினேன்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு கன்னமும் வீங்கி, இடது பக்கம் கொப்புளம். பவுடர் ஒட்டவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். ஷ்ரத்தா, "ஜுகாம் ஹை க்யா, ஆன்ட்டி?" என்றாள். ஜலதோஷம்தான் என்றேன்.

மோர்க்குழம்பு. மோர் புளித்திருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கொப்புளம் உடைந்தது. மங்கு இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. முன்பு இரண்டு திட்டு. இப்போது ஒரே திட்டு. லீவு சொன்னேன். கண்ணாடி மேல் துண்டைப் போட்டேன்.

இவர் ஒன்றும் கேலி பண்ணவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ரொம்ப எரியறதா?" என்று கேட்டார். அப்போதுதான் பயம் வந்தது.

ஜூன் 18, புதன்

மழை. கடைசியில் படியேறினேன். மாற்று மருந்து ஏதாவது அந்த 42-இல் இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

கோமு மாமிக்கு எண்பத்து நாலு. கண் மங்கல். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து வாஷியில் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறானாம். கூடத்தில் அட்டைப்பெட்டிகள்.

"யாரு, வசந்தாவா? கிட்ட வா. மூஞ்சியில என்னடி?"

சொன்னேன்.

"கவலைப்படாதே. எனக்கு இப்போ எல்லார் மூஞ்சியும் கறுப்பாத்தான் தெரியறது" என்றாள். இந்தக் கட்டடத்திலேயே எனக்கு ஏற்ற ஆள் அவள்தான்.

பைண்டு கேட்டேன். மூன்றாவது பெட்டியில் இருப்பதாகச் சொன்னாள். ஆனால் சும்மா தர மாட்டாளாம். "முதல்ல ராஜா கோட்டையை விட்டுத் தப்பிச்சானான்னு படி. படிச்சு எத்தனை வருஷமாச்சு! அப்புறம் உன் மங்கு." மூன்று அத்தியாயம் படித்தேன். கன்னம் இழுத்தது. ராஜா தப்பிக்கவில்லை, சுரங்கத்தில் மாட்டிக்கொண்டான். மாமி கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தானாகவே சொன்னாள்: "அந்தச் சீட்டு ரெண்டுலயும் என் பேரைத்தான் எழுதிப் போட்டேன். உங்கம்மா கண்டுபிடிச்சுட்டா. வாய் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். அவ கேக்கலை."

நானும்தான் கேட்கவில்லை. சனிக்கிழமையே கேட்டிருக்கலாம்.

தேதி பார்த்துத் தேடினேன். இருந்தது. ராஜா சுரங்கத்தில் இறங்கும் பக்கத்துக்குப் பின்னால், 42:

பூசிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெயில் படவே கூடாது, பட்டால் முன்னிலும் கறுக்கும். இது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே. அதற்கு மேற்பட்ட சகோதரிகள் இதிலெல்லாம் நேரத்தைச் செலவிடாமல், மலர்ந்த முகத்தோடு வளைய வந்தால் அதுவே போதும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்குச் சூரிய நமஸ்காரத்தில்தான் கண்ணே கெட்டது.

மாமி, "என்னடி போட்டிருக்கு?" என்றாள்.

"மலர்ந்த முகத்தோட இருக்கணுமாம், மாமி."

"ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள்.

அந்தத் தாளைக் கிழித்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு வேண்டியிருந்த தாள் அது இல்லை.

ஜூன் 20, வெள்ளி

போட்டோ நாள். போகாமல் இருந்தால் நானே விட்டுக்கொடுத்த மாதிரி. போனேன். மாஸ்க்கோடு.

எல்லோருக்கும் வெளிர்நீல யூனிஃபார்ம். விளக்கு, வெள்ளைத் திரை. டா.நே. தனியாகக் கூப்பிட்டு மாஸ்க்கை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

"ஹே பக்வான்! ஆன்ட்டி, யே க்யா கர் லியா?"

என்ன செய்தேன் என்று சொன்னேன். பழைய பத்திரிகை என்றதும் முகத்தை மூடிக்கொண்டாள். திட்டவில்லை. மருந்து எழுதினாள், களிம்பைச் சும்மாவே கொடுத்தாள். நல்ல டாக்டர் என்பதை எழுதத்தான் வேண்டும். அப்புறம் போர்டு போட்டோவுக்கு நான் வேண்டாம் என்றாள். ஜூன் முடியும்வரை வரலாமாம், ஷ்ரத்தாவுக்குக் கூட இருந்து சொல்லிக்கொடுக்க. ஜூலையிலிருந்து ரெஸ்ட். பெரிய டாக்டரும் ஒத்துக்கொண்டாராம். அவர் பெயரைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். வெயிட்டிங் ரூமுக்கு இன்னொரு போர்டு வைக்கிறார்கள், சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். 'முன்'னுக்கு இவ்வளவு தெளிவான முகம் கிடைக்காதாம். கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்துவிடுவார்களாம். யாருக்கும் தெரியாதாம். உங்களுக்கு இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னாள்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? திரும்பத் திரும்ப யோசித்தாயிற்று. யாரோ ஒருவர் என் முகம் வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவுதான் காரணம்.

போட்டோக்காரன், "ஸ்மைல் நஹீ, ஆன்ட்டி" என்றான். மேல்வரிசைப் பல்லை மூடிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாமி போய்விட்டாள். பெட்டிகளை டெம்போவில் ஏற்றினார்கள். மூன்றாவது பெட்டியை மட்டும் ரத்திவாலா எடுத்துக்கொண்டு போனான். மகனுக்குத் தமிழ் படிக்க வராது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

தூறல். ரயில் இருபது நிமிஷம் லேட். தோல் உரிகிறது, மாஸ்க் கழற்றவில்லை.

முன்மேஜைக்கு எதிர்ச் சுவரில் புதுப் போர்டு மாட்டிவிட்டார்கள். இடது பக்கம் என் கன்னம், பெரிதாக. கண்ணுக்குப் பட்டை. வலது பக்கம் சிரிக்கும் யாரோ ஒரு பெண், கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது. நாளெல்லாம் நேருக்கு நேர் நானும் அதுவும்.

பதினோரு மணிக்கு சேடா நகர் ராஜம் மாமி வந்தாள். பழைய ஃபைல் வேண்டுமாம். ஃபேனுக்கு நேரே உட்காரவைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவம், யார் பெத்த பொண்ணோ. என் மாட்டுப்பொண்ணுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு, வசந்தா. இங்கே சரியாயிடுமா?"

ஷ்ரத்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"சரியாயிடும், மாமி. ஆறு தடவை வரணும்" என்றேன்.

ரிஜிஸ்டரை இழுத்து எழுதினேன். ஜூலை எட்டு, செவ்வாய், பதினொன்றரை. 'யார் பதிவு செய்தது' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. அன்றைக்கு வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்றாள் மாமி. ஷ்ரத்தாவைக் காட்டினேன்.