மஞ்சள் பூசிய சில்லுகள்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பாப்பாவின் துணி எதுவும் காயவில்லை. எல்லாம் அடுப்படிக் கொடியில், புகை வாசத்தோடு.

இவர் விடிந்ததும் லொறிக்குப் போய்விட்டார். ஆமி ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறி வீடு வரை ஏறாது. கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சமதரையில் நிற்கிறது, படி இறங்கிப் போக வேண்டும். இவரும் தம்பி ரமேஷும் ஆமிப் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நீலம் அடிக்கிறார்கள். பச்சையோடு ரோட்டில் ஓட்டினால் பொலிஸ் மறிக்குமாம். அது மட்டுமில்லை. முதல் நாள் லொறி ஏறி வந்தபோது தோட்டத்து லய வீடுகள் பக்கம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நான்தாங்க, சிவா!" என்று இவர் தலையை வெளியே நீட்டிக் கத்த வேண்டி வந்தது.

மிட்வைஃப் மிஸ் வந்தார். பாப்பாவை நிறுத்தார், நிறை சரி. பிறகு பா.வை மாமியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேள்விகள். முன்பு போலச் சிரிக்க முடிகிறதா. காரணமில்லாமல் பயம் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தெரிவு செய்ய வேண்டும். பரீட்சை போலச் செய்தேன். கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தாமதித்தேன். மிஸ் பேனையை மூடிவிட்டார்.

"அடுத்த வெள்ளி கிளினிக்குக்கு வாங்க மகள். டொக்டரோட பேசுவோம். உங்க மாத்தயாவையும் கூட்டிட்டு வரணும். தனிய வர வேணாம், சரியா?"

இவரிடம் சொல்ல வேண்டும்.

இரவு இவர் வந்தபோது தலைமுடி வரை நீலம். "முன்பக்கம் முடிஞ்சிருச்சு கவி. நாளைக்கு வந்து பாரு, ஆமி லொறின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்." சோறு போட்டேன். கத்தரிக்காய்க்கு உப்பு கூட. சொல்லவில்லை.

பா. அழுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது போலக் கேட்கிறது. போகிறேன், தூக்குகிறேன், எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன்.

கேஸ் மூடியாச்சு. கதவு. மறுபடி எழுந்து கேஸ்.

ஜூலை 5, சனி

காற்று. வாழை ஒன்று சாய்ந்தது.

திகனயிலிருந்து நிஸாம் நானா பிரேக் சாமான் கொண்டுவந்தார். பழைய வாகனங்களின் பாகங்கள் விற்கிறவர். லொறி பச்சையாக இருந்தபோது ஒரு தடவை வந்து, தூரத்தில் நின்றே பேசிவிட்டுப் போனார். இன்று கிட்ட வந்து நீலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எங்கட கடை முன்னுக்கு ஒரு நேரம் இப்பிடி ஒரு லொறி நிண்டது தங்கச்சி. கலவரம் நடந்து கடை திறக்க ஏலாம இருந்த நாள். இன்னமும் பச்சையைக் கண்டா மற்றப் பக்கத்தால போயிருவன். இப்ப சரி, இப்ப இது மனிசர்ட லொறி."

மதியம் பா.வை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். சில்லுகளுக்கு, டயரை மாட்டும் இரும்புச் சக்கரங்களுக்கு, மஞ்சள். ஒவ்வொரு சில்லிலும் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கின்றன. உள்வட்டம் பச்சை. வெளிவட்டம் மட்டும் சிவப்பு, எல்லாச் சில்லிலும் அப்படியே.

"இது மட்டும் ஏன் சிவப்பு?" என்று கேட்டேன்.

"ஆமிக்காரனுக்குப் பொழுது போயிருக்காது அண்ணி" என்றான் ரமேஷ்.

இவர்: "சிவப்பும் பச்சையுமா விட்டா மறுபடி ஆமி லொறிதான். எல்லாத்துக்கும் அடிச்சு விடுடா."

மாமிக்கு மஞ்சள் சந்தோஷம். மங்களமாம். நட்டுகள் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிட்டன. வேலை இல்லாமல் எவனாவது நட்டு நட்டாகத் தேடிச் சிவப்பு அடிப்பானா என்று தோன்றியது. அதற்குள் பா. பெயின்ட் டின்னுக்குக் கையை நீட்டினாள். மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தேயிலை ஃபெக்டரிக்கு விறகு ஏற்ற வேண்டும். இவருக்கு வேறு பேச்சே இல்லை. இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முன் இடது பக்கம் பிரேக் எண்ணெய் கசிகிறது என்று இவர் காலையில் அந்தச் சில்லைக் கழற்றப் போனார். ரமேஷ் கிரீஸ் வாங்க வத்தேகமவுக்கு. மாமி சந்தைக்கு. வீட்டில் நானும் பா.வும்.

பா. பாயில் கிடந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன். பயம் என்று சொல்ல முடியாது. பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். இப்போதே சொல்லிவிடுவோம் என்று இவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

நான் கோல் எடுப்பது புதிதில்லை. பா. இருமினாள், காற்று அடிக்கிறது, லொறியைத் தூக்கி நிறுத்தும் ஜெக் சரியாக இருக்கிறதா. "கொமாண்டர் பேசுறாங்க அண்ணே, சல்யூட் அடிச்சிட்டு எடு" என்று ரமேஷ் பின்னாலிருந்து சொல்வது எனக்கே கேட்கும்.

கோவிலுக்குப் பின்னால் சிக்னல் பிடிக்காது. ரிங் போகும், பேச்சு வராது. "கேக்கல கவி, இரு, முன்னுக்கு வாறேன்" என்று கோவில் வாசலுக்கு நடந்தார். நடக்கிற மூச்சு கேட்டது. பிறகு தெளிவாக, "ம், சொல்லு. என்னா?"

வாயைத் திறந்தேன். சத்தம். முதலில் போனுக்குள். ஒரு மூச்சு கழித்து அதே சத்தம் ஜன்னல் வழியாக, கீழேயிருந்து. காகங்கள் மொத்தமாக எழும்பின. பா. அழவில்லை.

"என்னங்க?"

செருப்பு கல்லில் உரசும் சத்தம்.

"என்னங்க?"

"இரு."

பிறகு வேறு யாரோ பேசுவது போன்ற குரலில்: "ஒண்ணுமில்ல. நீ என்னத்துக்கு எடுத்த?"

"பால்மா முடிஞ்சிருச்சு" என்றேன்.

பா.வைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சில்லின் வெளிப்பாதி தனியாகப் பிய்ந்து போயிருந்தது. இவர் குந்தியிருந்த இடத்தைத் தாண்டி, கொய்யா மரத்தை இடுப்பளவில் முறித்து, மழைநீர்க் கானுக்குள் கிடந்தது. கோவில் பின்சுவரில் காரை பெயர்ந்திருந்தது. வெளிவட்டத்து நட்டுகளில் பாதிக்கு மேல் கழற்றி ஒரு சிரட்டையில் போட்டு வைத்திருந்தார். சிரட்டை அப்படியே இருந்தது.

இவர் கோவில் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவரையொருவர் தொடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். நேற்று எழுதவில்லை. ஆட்கள்.

இவர் டீக்கடையில் கதையாகச் சொல்லிவிட்டார். "பொஞ்சாதி கோல் எடுத்தா, நான் நடந்தேன், பின்னால டமார்." இப்போது அது ஊருக்கே தெரியும். மாமி கோவிலில் தேங்காய் உடைத்தார். "எம் மருமகளுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. தாலிப் பலன்." பார்க்க வருகிறவர்கள் பா.வைக் கொஞ்சிவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"எப்படிப் புள்ள தோணுச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா.

"பால்மா முடிஞ்சிருச்சுக்கா."

சிரித்தார்கள். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். பிள்ளையின் பால் அப்பனைக் காப்பாற்றியதாம்.

அழுகை வரும் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன். வரும்போது யாரும் இல்லாமல் இருக்க வேண்டுமே என்று யோசித்தேன். வரவில்லை.

இவர் பால்மா வாங்கி வந்தார். வைக்க அலுமாரியைத் திறந்தார். உடைக்காத டின்கள் அங்கே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புதியதை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

பா. தூங்கும்போது போனில் தேடினேன். நான் வாங்கிய டிகிரி இதற்காவது உதவட்டும். வேறொரு நாட்டில் ஒருவர் இதே மாதிரிப் பழைய ஆமி லொறி வைத்திருக்கிறார். கையுறை போட்டுக்கொண்டு வீடியோவில் காட்டினார். சில்லு இரண்டு பாதி. வெளிவட்டத்து நட்டுகள் அந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. சில்லைக் கழற்ற உள்வட்டம் மட்டும்தான். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கை வைக்கக் கூடாது, வெடிக்கும். கை வைக்காதே என்பதற்குத்தான் சிவப்பு.

இவரிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "அதத்தான் நீ அன்னைக்கே கேட்ட" என்றார். போனைத் திருப்பித் தந்தார்.

பின்னேரம் மழை விட்டதும், கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பொலிஷை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பா. இடுப்பில். மிச்சமிருக்கும் சில்லுகளின் வெளிவட்டத்தில் ஒவ்வொரு நட்டாகச் சிவப்பு வைத்தேன். பாதியில் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு ரமேஷிடம் சொல்லிப் பெயின்ட் வாங்கினேன். ஒழுங்காகச் செய்தேன். செய்து முடித்த பிறகும் மனதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

மூட்டம், மழை இல்லை.

காலையில் கீழேயிருந்து மாமியின் குரல். "வந்து பாருங்கடி, ஒவ்வொரு நட்டுக்கும் பொட்டு வச்சிருக்கா!" இறங்கிப் போனால், மாமி சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் செப்போடும் உட்கார்ந்து உள்வட்டத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். "உள்ள இருக்கறதுக்கு மட்டும் வைக்காம விட்டுட்டியே, அவசரத்துல."

எல்லா நட்டும் சிவப்பு.

சொன்னேன். விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். "அப்ப உள்ள இருக்கறதுக்கு விபூதி வைக்கவா?" என்றார். சரி மாமி என்றேன். ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தேன், மாமி பின்னாலேயே விபூதி வைத்துக்கொண்டு வந்தார். ரமேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமில கூட இப்படி ஒழுங்கு இருந்திருக்காது."

நிஸாம் நானா உடைந்த சில்லுக்குப் பதிலாக வேறு ரிம் கொண்டுவந்து இறக்கினார். இவரை ஒரு பார்வை பார்த்தார். என்னிடம் மெதுவாக, "சிவா தம்பிய கொஞ்சம் விடுங்க. அவசரப்பட வேணாம்."

ரமேஷ் படியில் என்னைத் தனியாகப் பிடித்தான். இப்போது சிரிக்கவில்லை. "அண்ணன் தொட மாட்டேங்குறான் அண்ணி. டீக்கடையில மட்டுந்தான் பேச்சு. இங்க வந்தா நட்டுக் கழட்டுற சாவிய கையில வச்சிக்கிட்டு நிக்கிறான். நேத்து நான் ஜெக்க இறக்குன சத்தத்துக்கே அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டான். கேட்டா வெயிலாம். வெயிலே இல்ல."

இரவு இவர் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. நானும் தூங்கவில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வெள்ளி நாளை மறுநாள். வாய் வரை வந்தது. ஏற்கனவே அவர் மேல் இவ்வளவு இருக்கும்போது இதையும் எப்படி ஏற்றுவது?

ஜூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி. காலையிலேயே வெள்ளை உடுத்தவர்கள் பன்சலைக்கு, புத்த விகாரைக்கு. கடைகள் பாதி மூடல். மழை வருவது போல இருந்து வரவில்லை.

இவர் இன்று தனியாக இறங்கிப் போனார். ரமேஷை வர வேண்டாம் என்றாராம். நான் கோல் எடுக்கவில்லை. எடுத்தால் இவர் கோவில் வாசல் வரை நடந்து வர வேண்டும். நானே போகலாம் என்று பா.வுக்குச் சட்டை மாற்றினேன். வெள்ளை, பூப்போட்டது.

லொறி ஜெக்கில். இவர் அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் டயர்க் காற்று முழுக்க இறக்கி, சில்லைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார். உள்வட்டத்து நட்டுகள் விபூதியோடு சிரட்டையில். தொட்டிருக்கிறார். செய்துவிட்டிருக்கிறார்.

கால்களைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

"என்னங்க, நாளைக்கு கிளினிக்குக்கு நீங்களும் வரணும்."

"பாப்பாவுக்கு ஊசியா?"

"இல்ல. எனக்கு."

சாவியின் சத்தம் நின்றது.

"ஒனக்கு என்னா?"

"தெரியல. பாப்பாவ தூக்கினா தூக்கின மாதிரி இல்ல. நீங்க பொழச்சு வந்தீங்க, அதுவும் ஒண்ணும் தெரியல. மிஸ் ஒங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. தனியா வர வேணாமாம்."

அடியிலிருந்து:

"எப்ப இருந்து?"

"பாப்பா பொறந்ததுல இருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க லொறில இருந்தீங்க."

குறையாகச் சொல்லவில்லை. இருந்த இடத்தைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது அப்படித்தான் கேட்டது.

ஊர்ந்து வெளியே வந்தார். முழங்கை வரை கறுப்பு. நெற்றியில் எண்ணெய். என்னைப் பார்த்தார். எழுந்து கையை நீட்டினார், தன் கையைத் தானே பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். கோவில் குழாயடிக்குப் போனார். மண்ணெண்ணெய், பிறகு சலவைத் தூள், பிறகு மண். தேய்க்கிறார், தேய்க்கிறார். நகத்து இடுக்கில் இருப்பது போகவில்லை.

"பரவாயில்லங்க, தூக்குங்க" என்றேன்.

"சட்ட வெள்ளையா இருக்கு" என்றார். மறுபடி தேய்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பா.வின் சட்டையைக் கழற்றினேன். வெறும் உடம்போடு நீட்டினேன். ஈரக் கையோடு வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். பா.வின் முதுகில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

என் கை லேசாக இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அது தெரிந்தது.

நாளை எட்டரை பஸ். குடை எடுக்க வேண்டும்.